பீப் சைட் ஏர் ரைஃபிளில் குறி விலகுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதிகளில் ஒரு துப்பாக்கி சுடும் க்ளப்பில் புதியவர்களுக்கு உதவி வருகிறேன். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளைக் கையில் எடுத்த ஆறு மாதத்துக்குள் ஏறத்தாழ எல்லோரும் ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். பெரும்பாலானவர்கள் வரும்போதே பின் சைட்டின் திருகில் ஒரு விரலை வைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன். இங்கே பேசப்படுவது 4.5 மி.மீ. பெல்லட் (சிறு ஈயக் குண்டு) சுடும், முன்னும் பின்னும் வளைய சைட் கொண்ட போட்டி ரைஃபிள். சைட் என்பது குறிபார்க்க உதவும் பாகம்; துளை வழியே பார்க்கும் இந்த வகைதான் பீப் சைட். வளையம் இல்லாமல் முன்னே முள்ளும் பின்னே வெட்டும் கொண்ட ஓபன் சைட்டுக்கு மட்டும் தனியாக ஒரு பதில் பின்னால் இருக்கிறது. சைட்டைத் தொடும் ஒவ்வொரு முறையும் பெல்லட் ஏற்றப்படாமல் இருக்க வேண்டும், குழல் டார்கெட்டை நோக்கியே இருக்க வேண்டும், சேஃப்டி ஃப்ளாக் (துப்பாக்கி காலியாக இருப்பதைக் காட்டும் செருகி) செருகப்பட்டிருக்க வேண்டும். இது எல்லாப் பதில்களுக்கும் பொருந்தும்.

சைட் அலைன்மென்ட், ஜீரோ ரெண்டும் ஒண்ணுதானே சார்?

இல்லை. பின் சைட்டின் சிறு துளை வழியே பார்க்கும்போது முன் சைட்டின் வட்டக்கூடு அந்தத் துளையின் நட்ட நடுவில் தெரிய வேண்டும், அதுதான் அலைன்மென்ட். முன் சைட்டுக்குள் இருக்கும் வளையத்தின் நடுவே டார்கெட்டின் கறுப்பு வட்டத்தை நிறுத்துவது குறிபார்த்தல். இவை இரண்டும் ஒவ்வொரு ஷாட்டிலும் உங்கள் கண்ணும் உடலும் செய்யும் வேலை. இப்படிச் சரியாகப் பார்த்துச் சுட்ட பெல்லட்டுகள் டார்கெட்டின் நடுவில் விழும்படி திருகுகளைத் திருப்பி வைப்பது ஜீரோ. அது துப்பாக்கிக்கு ஒருமுறை செய்துவிட்டுப் பின்னர் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும் வேலை.

இந்த வேறுபாட்டை எண்ணிக்கையில் பார்த்தால் மனத்தில் பதியும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி சுமார் 75 செ.மீ. என்று வையுங்கள். முன் வளையம் பின் துளையின் நடுவிலிருந்து வெறும் 0.1 மி.மீ. விலகி நின்றால், பத்து மீட்டரில் பெல்லட் சுமார் 1.3 மி.மீ. விலகிவிடும். கறுப்பு வட்டம் முன் வளையத்துக்குள் சற்றே ஆடுவதைக் கண்டு எல்லோரும் பதறுகிறார்கள். பின் துளைக்குள் முன் சைட் நகர்ந்திருப்பதையோ பலர் கவனிப்பதே இல்லை. உண்மையில் அதிகம் தண்டிப்பது இரண்டாவது தவறுதான்.

கண்ணு எதைப் பார்க்கணும், டார்கெட்டையா முன் வளையத்தையா?

முன் வளையத்தை. மனிதக் கண்ணால் ஒரு மீட்டரிலும் பத்து மீட்டரிலும் உள்ள பொருள்களை ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க முடியாது. முன் வளையத்தின் விளிம்பு கூர்மையாகவும், கறுப்பு வட்டம் லேசான சாம்பல் நிறத்தில் சற்று மங்கியும் தெரிந்தால் சரியாகப் பார்க்கிறீர்கள் என்று பொருள். கறுப்பு பளிச்சென்று தெரியத் தெரிய முன் வளையம் கைவிட்டுப் போகிறது. எட்டுப் பத்து விநாடிகளுக்கு மேல் உற்றுப் பார்த்தாலும் பயனில்லை. பழைய பிம்பம் கண்ணில் ஒட்டிக்கொள்ள, குறி சரியாக இருப்பதாகக் கண்ணே நம்மை ஏமாற்றும். துப்பாக்கியை இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி ஏற்றுவதுதான் வழி.

புது ரைஃபிள் வந்திருக்கு. முதல் தடவை எப்படி ஜீரோ பண்றது?

முதலில் துப்பாக்கியை உங்கள் உடலுக்குப் பொருத்துங்கள்: தோள் தட்டு, கன்னப் பலகை, பின் சைட்டுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் ஆகிய மூன்றும் முடிவாகாமல் ஜீரோ செய்வது வீண் வேலை. கன்னத்தை இயல்பாக வைத்துக் கண்ணை மூடித் திறந்தால், தலையை அசைக்காமலே முன் சைட் பின் துளையின் நடுவில் தெரிய வேண்டும். அதன்பின் இரண்டு சைட்டுகளும் துப்பாக்கியின்மேல் அவை பொருந்தும் தண்டவாளத்தில் இறுக்கமாக இருக்கின்றனவா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.

இரண்டு திருகுகளையும் அவற்றின் முழு வீச்சில் நடுவே நிறுத்துங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை க்ளிக்குகளை (திருகு ஒவ்வொரு படியாக நகரும்போது எழும் ஒலி) எண்ணி, அதில் பாதிக்குத் திரும்பினால் போதும். பிறகு மேசைமேல் தாங்குபலகை வைத்து ஐந்து ஷாட் சுட்டு, அவற்றின் மையத்தைப் பார்த்துத் திருத்துங்கள். நின்று சுடும்போது மையம் சிறிது மாறும்; மேசையில் கிடைத்ததைத் தோராயமாக மட்டும் வைத்துக்கொண்டு, இறுதி ஜீரோவை நின்ற நிலையில், முழு ஜாக்கெட்டோடு செய்ய வேண்டும்.

திருகுல எழுத்து போட்டிருக்கு, ஆனா திருப்பினா எதிர்ப்பக்கம் போகுதே?

பின் சைட் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே பெல்லட்டும் நகரும். முன் சைட்டை நகர்த்தினால் நேர் எதிராக நடக்கும். இந்த அடிப்படையில் குழப்பம் இல்லை. குழப்பம் எழுத்துகளில்தான். ஜெர்மன் தயாரிப்புகளில் எச் என்பது மேல், டி என்பது கீழ், ஆர் வலம், எல் இடம் என்று அவர்கள் மொழியின் முதலெழுத்துகளாக இருக்கும். சில தயாரிப்புகளில் அந்த எழுத்து ‘ஷாட் இங்கே போகிறது என்றால் இப்படித் திருப்பு’ என்ற பொருளிலும், வேறு சிலவற்றில் ‘இப்படித் திருப்பினால் ஷாட் அங்கே போகும்’ என்ற பொருளிலும் இருக்கிறது. ஆகவே எழுத்தை நம்பாமல் ஒருமுறை சுட்டுப் பார்த்து, உங்கள் சைட்டில் எது எது என்று ஒரு சிறு தாளில் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். போட்டிப் பதற்றத்தில் நினைவு கைகொடுக்காது.

ஒரு க்ளிக் போட்டா எவ்வளவு நகரும்?

அது சைட்டின் தயாரிப்பையும் இரு சைட்டுகளின் இடைவெளியையும் பொறுத்தது. எனவே நண்பருடைய கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நீங்களே அளந்துவிடுங்கள்: ஐந்து ஷாட் சுடுங்கள், வலப்பக்கம் பத்து க்ளிக் போட்டு இன்னோர் ஐந்து சுடுங்கள், இரு தொகுதிகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பத்தால் வகுங்கள். மையம் 3 மி.மீ. நகர்ந்திருந்தால் ஒரு க்ளிக் 0.3 மி.மீ. பிறகு அதே பத்து க்ளிக்குகளைத் திருப்பிப் போட்டு மறுபடி ஐந்து சுடுங்கள். மையம் பழைய இடத்துக்கே வந்தால் சைட் நலமாக இருக்கிறது; வராவிட்டால் திருகில் லூஸ் இருக்கிறது.

இந்த அளவை மதிப்பெண்ணோடு இணைத்துப் பாருங்கள். பத்து மீட்டர் ரைஃபிள் டார்கெட்டில் பத்தின் புள்ளி 0.5 மி.மீ. விட்டம் மட்டுமே, பெல்லட்டின் மையம் டார்கெட்டின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் இருந்தால் பத்து. அங்கிருந்து ஒவ்வொரு 2.5 மி.மீ.க்கும் ஒரு மதிப்பெண் குறைகிறது. தசம மதிப்பெண்ணில் 0.1 என்பது 0.25 மி.மீ. ஆக, மேற்சொன்ன சைட்டில் ஒரு க்ளிக் என்பது ஏறத்தாழ 0.1 மதிப்பெண்.

ஒரு ஷாட் வலப்பக்கம் 9 போச்சு. உடனே க்ளிக் போடலாமா?

போட வேண்டாம். யாருடைய கையிலும் ஷாட்டுகள் ஒரு பரப்பில்தான் சிதறும். ஒவ்வொரு ஷாட்டுக்குப் பின்னும் அது விலகிய அளவுக்குத் திருகைத் திருப்பிக்கொண்டே போனால் அந்தச் சிதறல் குறையாது, சுமார் 1.4 மடங்காகக் கூடும். இது கணக்கிலேயே நிறுவக்கூடிய உண்மை: தற்செயலான ஒரு விலகலைத் திருத்தப்போய், அடுத்த ஷாட்டின் தற்செயலோடு அந்தத் திருத்தத்தையும் சேர்த்துச் சுமக்கிறோம்.

செய்ய வேண்டியது வேறு. விசை இழுத்த அந்தக் கணத்தில் முன் வளையம் எங்கே இருந்தது என்பதை ஷாட் விழுந்த இடத்தைக் காட்டும் மானிட்டரைப் பார்ப்பதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘மூன்று மணிப் பக்கம், 9’ என்பதுபோல. டார்கெட்டைக் கடிகார முகமாக வைத்துப் பக்கத்தைச் சொல்லும் வழக்கம் இது, மூன்று மணி என்றால் வலப்பக்கம். நீங்கள் சொன்ன இடத்திலேயே ஷாட் விழுந்திருந்தால் தவறு உங்களுடையது, சைட்டுக்கு வேலை இல்லை. ‘நடுப் பத்து’ என்று சொன்ன ஷாட்டுகள் தொடர்ந்து ஐந்து முறை வலப்பக்கமே விழுந்தால் அப்போது திருகைத் தொடுங்கள். ஷாட்டைச் சொல்லிப் பழகாதவருக்கு ஜீரோ செய்யத் தெரியாது என்றே நான் கருதுகிறேன். எங்கள் க்ளப்பில் முதல் மாதத்தில் நான் வற்புறுத்துவது இந்த ஒன்றைத்தான்.

க்ரூப் சின்னதா, அழகா வருது. ஆனா தினமும் வேற வேற இடத்துல வருது. சைட் கெட்டுப்போச்சா?

இதுவே அதிகம் கேட்கப்படும் கேள்வி. சைட் கெட்டிருந்தால் க்ரூப்பும், அதாவது ஷாட்டுகள் சேர்ந்து விழும் தொகுதியும், பெரும்பாலும் சிதறும். க்ரூப் இறுகி, இடம் மட்டும் மாறுகிறது என்றால் ஒவ்வொரு நாளும் நீங்கள் வேறு ஒருவராக வந்து நிற்கிறீர்கள். இரண்டு இடங்களைச் சோதியுங்கள். ஒன்று, உடல் தானாகக் காட்டும் திசை. பயிற்சியாளர்கள் நேச்சுரல் பாயின்ட் ஆஃப் எய்ம் என்பது இதைத்தான். துப்பாக்கியை ஏற்றிக் குறிபார்த்துவிட்டு, கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறங்கள். கறுப்பு வட்டம் பக்கவாட்டில் விலகியிருந்தால் கையால் தள்ளிக் கொண்டுவராமல் பாதங்களை நகர்த்துங்கள். தசையால் தள்ளி நிறுத்திய துப்பாக்கி, விசை விடுபடும் கணத்தில் தான் போக விரும்பிய திசைக்கே திரும்பும்.

மற்றொன்று கன்னம். ஒரு மாணவி, பதினான்கு வயது, சனிக்கிழமை காலை வந்து சுடச் சுட எல்லாம் எட்டு மணிப் பக்கம் 8இலேயே விழுந்தன. பத்துப் பைசா அளவுக்கு இறுக்கமான க்ரூப். அவள் தந்தை அதற்குள் முப்பது க்ளிக்குக்கு மேல் திருப்பியிருந்தார். கன்னப் பலகையைத் தாங்கும் கம்பியைப் பார்த்தேன். பழைய இடத்தில் படிந்திருந்த வியர்வைக் கறைக்கும் இப்போதைய இறுக்கத்துக்கும் இடையே இரண்டு மி.மீ. வெள்ளிபோல் பளபளத்தது. உறையில் வைத்து எடுத்து வந்தபோது திருகு தளர்ந்து பலகை இறங்கியிருந்தது. பலகையை ஏற்றி, முப்பது க்ளிக்கையும் திருப்பிப் போட்டதும் ஷாட்டுகள் நடுவுக்கு வந்தன. அன்றிலிருந்து அசையக்கூடிய ஒவ்வொரு பாகத்திலும் வெள்ளை மை பேனாவால் ஒரு கோடு போடச் சொல்கிறேன். ஈரப்பதம் மிகுந்த நம் கடற்கரை ஊர்களில் கன்னம் வியர்வையில் வழுக்குவதும் இதே விளைவைத் தரும். ஒரு சிறு துண்டு எப்போதும் அருகில் இருக்கட்டும்.

ஷாட் எல்லாம் மேலும் கீழுமா நீளுது. பக்கவாட்டுல பரவாயில்லை. என்ன காரணம்?

முதலில் மூச்சு. மூச்சின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் நிறுத்தாவிட்டால் குழல் மேலும் கீழும் போகும். அடுத்தது தலையின் அழுத்தம். களைக்கக் களைக்கத் தலை கன்னப் பலகையில் கனமாக இறங்குகிறது. மூன்றாவது, சிலிண்டரில் காற்று. பெல்லட் நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் கிளம்பிப் பத்து மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பில் சுமார் 17 மி.மீ. இறங்குகிறது. ரெகுலேட்டர் (ஒவ்வொரு ஷாட்டுக்கும் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் பாகம்) தாங்கும் அளவுக்குக் கீழே அழுத்தம் போய்விட்டால் வேகம் குறைந்து, ஷாட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். நேரம் செல்லச் செல்லக் கீழ்நோக்கி மட்டும் போகிறது என்றால் அழுத்தமானியைப் பாருங்கள். மேலும் கீழும் மாறி மாறி வருகிறது என்றால் மூச்சையும் தலையையும் பாருங்கள்.

பக்கவாட்டில் நீண்டால் காரணம் பெரும்பாலும் முந்தைய பதிலில் சொன்ன பாதமோ, விசையைப் பக்கவாட்டில் இழுக்கும் விரலோதான்.

நான் ரைஃபிளைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிக்கிறேன். அது தப்பா?

சாய்ப்பது தவறில்லை, நின்று சுடும் பலர் தலையைக் குனிக்காமல் துப்பாக்கியைத் தலையை நோக்கிச் சாய்க்கிறார்கள். சாய்வு ஷாட்டுக்கு ஷாட் மாறுவதுதான் தவறு. மேலே சொன்ன 17 மி.மீ. இறக்கத்தை ஈடுசெய்யக் குழல் சற்று மேல்நோக்கி அமைந்திருக்கிறது. துப்பாக்கி சாயும்போது அந்த மேல்நோக்கிய சரிவும் பக்கவாட்டுக்குத் திரும்புகிறது. வலப்பக்கம் 5 டிகிரி கூடுதலாகச் சாய்ந்தால் பெல்லட் வலப்பக்கம் சுமார் 1.5 மி.மீ. நகரும், தசமத்தில் அது 0.6 மதிப்பெண். முன் சைட்டுக்குள் இருக்கும் கிடைக்கோடுகளோ ஒரு சிறு நீர்மட்டமோ இதைக் கண்காணிக்க உதவும். சாய்த்துப் பிடிப்பவருக்கு மேல்நோக்கிப் போட்ட க்ளிக் கொஞ்சம் பக்கவாட்டிலும் நகர்த்தும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முன் வளையம் சின்னதா இருந்தா துல்லியம் கூடுமா?

கூடும் என்றுதான் தோன்றும், ஆனால் கூடுவதில்லை. டார்கெட்டின் கறுப்பு 30.5 மி.மீ. விட்டம், கண்ணிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் முன் சைட்டில் அது சுமார் 3 மி.மீ. அளவாகத் தெரியும். 4 மி.மீ. வளையம் போட்டால் சுற்றிலும் அரை மி.மீ. வெள்ளை கிடைக்கிறது. அந்த வெள்ளை எல்லாப் பக்கமும் சமமா என்பதைத்தான் கண் அளக்கிறது. வளையத்தை இறுக்கினால் வெள்ளை மெலிந்து, துப்பாக்கியின் ஆட்டத்தில் கறுப்பு அடிக்கடி விளிம்பைத் தொடும். சுடுபவர் தயங்குவார், பிறகு அவசரமாக விசையை இழுப்பார். புதியவர்கள் பெரிய வளையத்தில் தொடங்குவதே நல்லது.

கண்ணாடி போட்டிருக்கேன். அதனால குறி மாறுமா?

கண்ணாடி அணிந்து சுடலாம். சிக்கல் வேறு. துப்பாக்கியை ஏற்றியதும் தலை சற்றுத் திரும்புவதால், சாதாரணக் கண்ணாடியின் மூக்குப்பக்க ஓரம் வழியே பார்க்கிறோம். லென்ஸின் ஓரம் பிம்பத்தை இடம் மாற்றிக் காட்டும். ஒவ்வொரு முறையும் வேறு ஓரம் வழியே பார்த்தால் ஜீரோவும் அலையும். சுடுவதற்கென்றே உள்ள சட்டத்தில் லென்ஸைக் கண்ணுக்கு நேர் செங்குத்தாக நிறுத்த முடியும். பார்க்காத கண்ணை இறுக மூட வேண்டாம். பார்க்கும் கண்ணும் அதனால் சுருங்கும். ஒரு வெண்மையான மறைப்பு போதும்.

பெல்லட் டின் மாத்தினதும் குறி மாறிப்போச்சு.

மாறும். ஒரே பிராண்டிலும் தலை விட்டம் 4.49, 4.50 என்று நூறில் ஒரு மி.மீ. அளவில் வேறுபடும்; ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பொருந்தும். புதிய டின்னுக்கு மேசையில் வைத்து ஐந்தைந்தாகச் சில தொகுதிகள் சுடுங்கள். மையம் மட்டும் நகர்ந்திருந்தால் க்ளிக் போடலாம்; சிதறலே பெரிதானால் அந்த டின்னைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஈயம் மென்மையானது என்பதால் கீழே விழுந்து பாவாடை (பின்பக்கத்தின் மெல்லிய விளிம்பு) நசுங்கிய பெல்லட்டை ஜீரோ செய்யும்போது பயன்படுத்தவே கூடாது.

எங்க ரேஞ்சுல 10 வருது, போட்டி ரேஞ்சுல போனா 8 வருது. பயமா?

பயமும் இருக்கலாம், ஆனால் முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். டார்கெட்டின் மீதுள்ள ஒளியும் நீங்கள் நிற்கும் இடத்தின் ஒளியும் மாறும்போது கண்மணியின் அளவு மாறி, முன் வளையத்தைச் சுற்றிய வெள்ளை வேறாகத் தெரிகிறது. பின் சைட்டின் ஐரிஸை (துளையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) சிறிது திறந்தோ மூடியோ பழைய தோற்றத்துக்குக் கொண்டுவந்த பிறகே க்ளிக்கைப் பற்றி யோசியுங்கள். தளத்தின் மட்டமும் டார்கெட்டின் உயரமும் சற்றே வேறாக இருந்தால் பாதங்களைப் புதிதாக அமைக்க வேண்டும். போட்டிக்கு முன் தரப்படும் 15 நிமிடங்கள் இதற்குத்தான். அதில் சோதனை ஷாட்டுகளுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. முதல் ஐந்தை நிலையைச் சரிசெய்யவும், அடுத்த ஐந்தை ஜீரோவுக்கும் ஒதுக்குங்கள்.

நான் பெரிய ரைஃபிள் வாங்கலை, ஓபன் சைட்தான். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

திருகையும் க்ரூப்பையும் பற்றிச் சொன்னவை அனைத்தும் பொருந்தும். அலைன்மென்ட் மட்டும் வேறு: முன் முள்ளின் உச்சி பின் வெட்டின் மேல்விளிம்போடு ஒரே மட்டத்திலும், இருபக்க வெளிச்சம் சமமாகவும் இருக்க வேண்டும். கறுப்பு வட்டம் முள்ளின் மேல் உட்கார்ந்ததுபோல் நிறுத்தி, பெல்லட் 15 மி.மீ. மேலே, அதாவது நடுவில், விழும்படி ஜீரோ செய்வது வழக்கம். குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் துப்பாக்கியில் உதறல் அதிகம் என்பதால் அதை இறுக்கிப் பிடித்தால் ஷாட் அலையும். மெல்ல, ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகப் பிடியுங்கள். மரக்கட்டையின் திருகுகள் தளர்கின்றனவா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

அப்போ சைட்தான் தப்புன்னு எப்போ உறுதியா சொல்லலாம்?

மூன்று நிலைகளில். க்ளிக் போட்டும் மையம் நகராதபோது. போட்ட க்ளிக்கைத் திருப்பியும் பழைய இடத்துக்கு வராதபோது. அனுபவமுள்ள இன்னொருவர் உங்கள் ரைஃபிளை மேசையில் வைத்துச் சுட்டும் அதே சிதறல் வரும்போது. திருகு ஒரு முனைவரை போய் முட்டி நின்றால், சைட் தண்டவாளத்தில் கோணலாக அமர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவற்றுக்கு நேரமில்லாத தருணமும் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா இறுதிச்சுற்றுக்கு முன் சுட்ட சோதனை ஷாட் நடுவை விட்டு வெகுதூரம் போனது. அவர் தம் நிலையைச் சந்தேகிக்கவில்லை. இருந்த சில நிமிடங்களுக்குள் சைட்டைத் திருத்தினார், கடைசி ஷாட்டில் 10.8 எடுத்துத் தங்கம் வென்றார். ஒரே ஷாட்டைப் பார்த்துத் திருகைத் தொடாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இது முரண் என்று ஒரு மாணவர் என்னிடம் வாதிட்டார். முரண் இல்லை. பல்லாயிரம் முறை சொல்லிச் சுட்டுப் பழகிய ஒருவர், தாம் விட்ட இடத்துக்கும் பெல்லட் போன இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்த்த உடனே, அது தம் கையிலிருந்து வந்திருக்க முடியாது என்று அறிந்திருந்தார். நீங்கள் இன்று பத்து ஷாட் சொல்லிச் சுட்டு, எத்தனை முறை மானிட்டரோடு ஒத்துப்போனது என்று நோட்டில் எழுதுங்கள். அந்த எண் ஏழு, எட்டு என்று ஏறும்வரை அந்தத் திருகை என் அனுமதி இல்லாமல் தொட வேண்டாம் என்றுதான் என் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.